பிசினா, பீங்கானா?

ஓஃபிர் லுகுமி பதினோரு வருடமாக அடுத்தவர் வாய்க்குள் குழாய் பிடித்து எச்சில் உறிஞ்சுகிறாள். காலி என்னும் நகரத்தில் டாக்டர் பியெதாத் தஸ்கோன் நடத்தும் பல் ஆஸ்பத்திரியில் அவள் உதவியாளர். வேலைக்கு வந்த புதிதில் எச்சில் நூலாக நீண்டாலே குமட்டும். இப்போது சீழைப் பார்த்துவிட்டுப் போய் நிம்மதியாகச் சாப்பிடுவாள். இன்னும் பழகாதது ஒன்றுதான்: அழகுக்காக ஒட்டிய பல்லுக்கு அடியிலிருந்து கிளம்புகிற நாற்றம்.

சொந்தப் பல்லோடு சிரிப்பது கோவணத்தோடு கடைத்தெருவுக்குப் போவது மாதிரி ஆகிவிட்டது இந்த ஊரில். பஸ் டிரைவருக்கும் அதே பல், பழம் விற்கிறவளுக்கும் அதே பல், பாதிரியாரின் தம்பிக்கும் அதே பல். கழிப்பறைத் தொட்டியின் வெள்ளை. நிற அட்டையை நீட்டினால் கடைசி வெள்ளையையும் தள்ளிவிட்டு, "இதவிட வெள்ளையா இல்லியா?" என்று கேட்கிறார்கள்.

வகை இரண்டு. பிசினைப் பல்லின் மேலேயே பூசிச் செதுக்கினால் ஒரே நாளில் வேலை முடியும். பீங்கான் தகடு வெளியே செய்து வரும். ரொம்ப நாள் உழைக்கும், ஆனால் அதற்கு இடம் பண்ணச் சொந்தப் பல்லைச் சீவ வேண்டும். மூன்றாவது ஒன்றும் உண்டு, அதை எந்தப் படிப்பிலும் சொல்லித் தருவதில்லை. அழகு நிலையத்தில், நகப்பூச்சு மேசைக்குப் பக்கத்திலேயே, பிசினை மொத்தமாக அப்பிவிட்டு, பல் மாதிரி தெரியக் கோடு கீறிவிடுவார்கள். "இடுக்கே கெடையாது, சோறு மாட்டவே மாட்டாது" என்று பெருமை வேறு. சோறு எங்கே மாட்டும்? ஈறுக்கடியில் போய்க் குடியேறி அங்கேயே அழுகும்.

அந்த மூன்றாவது வகையைத்தான் ஓஃபிரின் கணவன் வில்மார் ஒட்டிக்கொண்டு வந்தான்.

வில்மார் ஃபிரிட்ஜ் மெக்கானிக். ஐம்பத்து மூன்று வயது. ஞாயிறு மதியம் பழைய பாட்டு போடும் ஆட்டக் கூடத்தில் அவன் காலைப் பார்க்கவே கூட்டம் நிற்கும். ஓஃபிர் அவனிடம் விழுந்ததும் அங்கேதான். சுழன்று திரும்பிச் சிரித்தபோது முன்பல்லில் ஒரு மூலை உடைந்திருந்தது. அந்த உடைசல் அவளுக்கு அவ்வளவு பிடித்திருந்தது, வெட்கத்தை விட்டு அவளே போய் ஆடக் கூப்பிட்டாள்.

டிசம்பர் திருவிழா மேடைக்காக, எட்டு ஜோடி கொண்ட அவர்கள் குழு ஒரே மாதிரி பல் வைத்துக்கொள்வதென்று முடிவு செய்தது. விளக்கு பட்டால் பளீரென்று அடிக்க வேண்டுமாம். ஓஃபிர் திட்டுவாள் என்று அவளிடம் மட்டும் யாரும் மூச்சு விடவில்லை. லூஸ் தாரி என்பவளின் அழகு நிலையத்துக்குப் போய், ஓஃபிரைத் தவிர எல்லாரும் வரிசையாக வாயைத் திறந்தார்கள். கறை பிடிக்கக் கூடாதென்று இரண்டு நாள் வெள்ளைச் சாப்பாடு: சோறு, பால், வெந்த கோழி. காப்பி கிடையாது.

ஈஸ்டர் வருவதற்குள் நாற்றம் தொடங்கிவிட்டது. படுக்கையில் அவன் அவள் பக்கம் திரும்பினால் அவள் சுவர் பக்கம் திரும்பினாள். முத்தம் நின்றுபோனது.

"எவன்டி அவன்?" என்று ஒருநாள் கேட்டேவிட்டான்.

"எவனுமில்ல. உன் வாயில எலி செத்துக் கெடக்கு. பகல் பூரா ஊரான் வாய் நாத்தம். ராத்திரியாவது எனக்கு மனுசன் வாய் வேணும்யா. நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு வா."

வந்தான். டாக்டர் பிசினை வெட்ட வெட்ட, ஓஃபிர் குழாயைப் பிடித்திருந்தாள். சாம்பல் நிறத்தில் ஒரு கூழ் வந்தது. அடைத்துக்கொண்ட சாக்கடையின் வீச்சம். ஈறு வீங்கி, தொட்ட இடமெல்லாம் ரத்தம். இதற்குப் பக்கத்திலா இத்தனை நாள் தலை வைத்துப் படுத்தோம் என்று அவளுக்கு உடம்பே கூசியது.

கடைசித் துண்டும் போனபின் அந்த உடைந்த மூலை தெரிந்தது. அழுகலுக்கு நடுவே அதைப் பார்த்ததும் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"முன்னாடி பத்துப் பல்லையும் லேசா சீவிட்டு பீங்கான் போட்டுடலாம்" என்றார் டாக்டர், கையுறையைக்கூடக் கழற்றாமல். "இல்லன்னா பிசினையே ஒவ்வொரு பல்லுக்கும் தனித்தனியா செஞ்சு தரேன். எதுவா இருந்தாலும் ஈறு ஆற ஒரு மாசம் ஆகும்."

நல்ல பல்லைச் சீவி முளைக்குச்சி ஆக்குவதை இந்த அம்மாள் கேக் வெட்டுகிற மாதிரி சொல்கிறாளே என்று ஓஃபிருக்கு அவள் மேலும் அருவருப்பு வந்தது.

"ரெண்டும் வேணாம் டாக்டரம்மா. ஆறட்டும். ஆறினதும் இப்படியே இருக்கட்டும்."

வில்மார் கண்ணாடியை வாங்கிப் பார்த்தான். "ஐயையே! இத வச்சிக்கிட்டா ஒரு மாசம்? ஞாயித்துக்கெழம ஆட்டம் இருக்கு புள்ள."

"நீ காலாலதான ஆடுற?"

அவன் கண்ணாடியைக் கவிழ்த்து வைத்தான்.

ஞாயிறு அன்று நேராகக் கூடத்துக்கு வந்துவிடுவதாகச் சொல்லிவிட்டுப் போனான். ஆட்டத்துக்கு நடுவே அவளைச் சுழற்றித் திருப்பிச் சிரித்தபோதுதான் பார்த்தாள். மறுபடி தொட்டி வெள்ளை. லூஸ் தாரி ரத்தம் வடிகிற ஈறு மேலேயே அப்பியிருக்கிறாள். ஓரத்தில் சிவப்பாகக் கசிந்துகொண்டிருந்தது. அவன் அதை நாக்கால் துடைத்து விழுங்கினான். ஓஃபிர் முகத்தைத் திருப்பிக்கொண்டு, தாளம் தப்பாமல் ஆடி முடித்தாள்.

கடைசிப் பாட்டு முடிந்ததும் ஜோடிகள் முத்தமிடுவது அந்தக் கூடத்து வழக்கம். ஏழு ஜோடி முடித்தார்கள். கைதட்டல் எட்டாவது ஜோடிக்காகக் காத்திருந்தது. வில்மார் கண்ணை மூடிக்கொண்டு குனிந்தான்.

ஓஃபிர் உள்ளங்கையை அவன் வாயில் வைத்துத் தள்ளினாள்.

"லூஸ் தாரியக் கூப்பிட்டு முத்தம் வாங்கிக்க" என்றாள், எல்லார் காதிலும் விழும்படி. "அந்த வாய் அவளுது."

கூடமே வெடித்துச் சிரித்தது. மற்ற ஏழு ஜோடியும் சிரித்தார்கள், ஒரே வெள்ளையில். வில்மார் மட்டும் வாயை மூடிக்கொண்டான்.