தாய்மாமன் புறா

முனிகிருஷ்ணனுக்கு மனிதர்களின் பெயர் மறந்துபோகும். ஒரு புறாவின் பாட்டி எது, அந்தப் பாட்டியின் அண்ணன் எது என்பது மட்டும் மறக்காது. கும்மிடிப்பூண்டிக்குக் கிழக்கே, ரயில் கூவினால் கேட்கும் தொலைவில் இருந்த ஊரில் அவருக்குக் கொஞ்சம் நெல் வயல் இருந்தது. அந்த வயலை மாடும் மழையும் சேர்ந்து பார்த்துக்கொள்கின்றன என்று அவர் மனைவி செல்லியம்மாள் சொல்லிக் காட்டுவாள். அவர் பார்த்துக்கொண்டது கர்ணப் புறாக்களை.

கர்ணப் புறாவைப் பார்த்திராதவர்களுக்காகச் சொல்கிறேன். கூட்டத்தோடு உயரத்தில் பறந்துகொண்டிருக்கும் புறா திடீரென்று பின்பக்கமாகக் கரணம் போடும். ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டபடி கீழே இறங்கி, சட்டென்று நிமிர்ந்து, ஒன்றுமே நடக்காததுபோலக் கூட்டத்தோடு போய்ச் சேர்ந்துகொள்ளும். இதில் கெட்டிக்காரத்தனம் கரணம் போடுவதில் இல்லை, நிறுத்துவதில் இருக்கிறது. நிறுத்தத் தெரியாதது ஓட்டுக் கூரையில் மோதிச் சாகும். தாய் தகப்பன் இரண்டும் வேகக்காரர்களாக இருந்தால் பிள்ளைகள் இப்படித்தான் போய்ச் சேரும். இரண்டும் சாதுவாக இருந்தால் பிள்ளைகள் காக்காய் மாதிரி நேராகப் பறந்துவிட்டு வந்து தானியம் தின்னும். அதனால் வேகத்தோடு நிதானத்தைச் சேர்க்க வேண்டும். அதையும் ஒரே வம்சத்துக்குள் சேர்க்க வேண்டும், ஏனென்றால் வெளிப் புறாவைக் கலந்தால் இரண்டு தலைமுறையில் கரணம் கரைந்துபோகும்.

ஒரே வம்சத்துக்குள் என்றால் யாருக்கு யார்? இங்கேதான் முனிகிருஷ்ணன் ஊருக்கே வேடிக்கையானார். அவர் மனிதர்களுக்குப் பார்ப்பதைப் போலவே புறாவுக்கும் முறை பார்த்தார். அண்ணன் தங்கையைச் சேர்ப்பது பாவம், அப்பனுக்கு மகளைக் கொடுப்பது அதைவிடப் பாவம், அத்தை பிள்ளைக்குக் கொடுக்கலாம், தாய்மாமனுக்குக் கொடுப்பது எல்லாவற்றிலும் உசத்தி. ஒரே ஒரு வருஷம், வைரி என்ற வல்லூறு வந்து பாதிப் புறாவைத் தூக்கிப்போன கஷ்டத்தில், முறையை விட்டு ஒரு கூட்டில் பிறந்த அண்ணனையும் தங்கையையும் சேர்த்தார். பாதி முட்டை பொரியவில்லை. பொரிந்த குஞ்சுகளுக்கு மார்பெலும்பு கோணியிருந்தது. பாவத்தின் பலன் என்று அவர் சொன்னார். பாவமோ என்னவோ, எலும்பு கோணியது நிஜம்.

கோணலோ, நோஞ்சானோ, நிறுத்தத் தெரியாததோ, எதுவானாலும் கழித்துவிடுவார். கழிப்பது என்றால் கறிக்குப் போய்விடும். அதில் அவருக்கு இரக்கம் கிடையாது. அப்படிக் கழித்துக் கழித்துத்தான் கருப்பி என்ற பெட்டை கிடைத்தது. கருப்பி கரணம் போட்டால் வண்டிச் சக்கரம்போல இறக்கையும் வாலும் ஒன்றாகத் தெரியும். தென்னை மட்டைக்கு மேலே வந்ததும் யாரோ கயிற்றைப் பிடித்து இழுத்ததுபோல நிற்கும். அதோடு ஒரே கூட்டில் பிறந்தது வெள்ளைவால், ஆண், கொஞ்சம் நிதானம்.

வெள்ளைவாலை அவர் வைத்துக்கொள்ளவில்லை. அதற்குக் காரணம் உண்டு. முனிகிருஷ்ணனுக்குச் செல்லியம்மாள் சொந்த அத்தை மகள். அவருடைய அப்பாவும் அப்படியே கட்டிக்கொண்டவர். மூத்தவள் சம்பூர்ணம் நன்றாக இருந்தாள். அடுத்தவன் வரதனுக்குக் கழுத்து நிற்கவில்லை, பேச்சும் வரவில்லை. செல்லியம்மாளின் தம்பி தணிகாசலம்தான் அந்தப் பிள்ளையைத் தோளில் சுமந்து திரிந்தான். புறாக்களை ஏவும்போது வரதனின் தலையைக் கையால் தாங்கி வானத்தைக் காட்டுவான். வெள்ளைவால் குஞ்சாக இருந்தபோது அதை வரதன் மடியில் விட்டால் அவன் சிரிப்பான். அந்தச் சிரிப்புக்காகவே வீட்டில் எல்லோரும் காத்திருப்பார்கள். ஏழு வயது முடியுமுன் ஒரு காய்ச்சலில் வரதன் போய்விட்டான். தணிகாசலத்துக்கு அதன் பிறகு அந்த ஊரில் இருப்புக் கொள்ளவில்லை. மீஞ்சூரில் ஒரு ரைஸ் மில்லில் வேலை தேடிக்கொண்டு கிளம்பியபோது முனிகிருஷ்ணன் வெள்ளைவாலைப் பிடித்து அவன் கையில் கொடுத்தார்.

மூன்று வருஷம் கழித்துத் தணிகாசலம் வெற்றிலைத் தட்டோடு வந்து சம்பூர்ணத்தைக் கேட்டான். தாய்மாமன் கேட்பது உரிமை. செல்லியம்மாளுக்கு வாயெல்லாம் பல்லாக இருந்தது. முனிகிருஷ்ணன் தட்டைத் தொடவில்லை. பொன்னேரி ஆஸ்பத்திரியில் வரதனைப் பார்த்த டாக்டர் சொந்தத்திலா கட்டினீர்கள் என்று ஒருமுறை கேட்டிருந்தார். அந்தக் கேள்வி அவர் நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது. அதை யாரிடமும் அவர் சொன்னதில்லை. இப்போதும் பிள்ளையின் பேரை எடுக்க வாய் வரவில்லை, புறாவின் பேரை எடுத்தார்.

“புறாவுல பாத்துட்டேன் தணிகா. உள்ளுக்குள்ளயே குடுத்துக்கினு போனா கோணிக்கும். எம்பொண்ணுக்கு வெளியில பாக்கறேன்.”

தணிகாசலத்தின் முகம் செத்துப்போனது. “என்னிய இன்னான்னு நெனச்சிக்கினே மாமா? கூண்டுல கீற சரக்குன்னா?” என்று கேட்டான். தட்டை எடுத்துக்கொண்டு அன்றைக்குப் போனவன் பிறகு அந்த வாசலை மிதிக்கவில்லை. சம்பூர்ணம் பள்ளிப்பட்டில் ஒரு நல்ல வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டாள். தணிகாசலம் மீஞ்சூரிலேயே ஒரு பெண்ணைக் கட்டிக்கொண்டான். அக்காவுக்குச் சொல்லி அனுப்பவில்லை. அந்த வருத்தத்தில் செல்லியம்மாள் புருஷனோடு ஒரு பருவம் முழுக்கச் சரியாகப் பேசவில்லை.

எழுபதாம் வருஷம் அறுவடை முடிந்த கையோடு வைரி மறுபடி வந்தது. கருப்பியைக் கண்ணெதிரே அடித்துக்கொண்டு போனது. முனிகிருஷ்ணன் வரப்பில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். அதில் அவருக்கு வெட்கம் இல்லை. கருப்பியின் வாரிசில் பெட்டை என்று மிஞ்சியது ஒன்றே ஒன்று. நாகப்பழ நிறம், பேரும் அதுதான். தாயின் கரணம் அப்படியே இருந்தது, தாயைவிட வேகம். அதற்கு ஜோடி போட வீட்டில் இருந்தவை அதன் அப்பனும் கூடப்பிறந்த ஆணும்தான். இரண்டும் ஆகாது. வெளி ஆணைச் சேர்த்தால் பத்து வருஷத்து உழைப்பு தண்ணீரில் போகும். அதே வம்சம், ஆனால் வேறு கூரையில் வேறு தண்ணீர் குடித்து வளர்ந்த நிதானமான ஆண் ஒன்றுதான் வேண்டும். அப்படி ஒன்று உலகத்தில் இருந்தது. அது நாகப்பழத்தின் சொந்தத் தாய்மாமன். இருந்த இடம்தான் வில்லங்கம்.

“மீஞ்சூர் போறேன்,” என்றார்.

செல்லியம்மாள் அரிசி புடைப்பதை நிறுத்தினாள். “எந்த மூஞ்ச வச்சிக்கினு போறே?”

“கீற மூஞ்சதான். வெள்ளவாலுக்கு வயசாவுது. இன்னும் ஒரு வருஷமோ, ரெண்டு வருஷமோ. அப்பால அது மிதிச்சாலும் முட்ட கூமுட்டதான்.”

“பொண்ணத் தரமாட்டேன்னுட்டு புறாவக் கேக்கப் போறியா? பேஜாரா பூடும்யா.”

“ஆனா ஆவட்டும்,” என்று சட்டையை மாட்டினார். பிடித்தால் விடுகிற ஆள் இல்லை என்று அவளுக்குத் தெரியும்.

மீஞ்சூர் ஸ்டேஷனுக்குப் பின்னால் ஓலை வேய்ந்த வீடு. தணிகாசலம் வாசலில் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தான். வா என்று சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. கூண்டில் வெள்ளைவால் உட்கார்ந்திருந்தது. கிழம்தான், ஆனால் கண் கெடவில்லை, மார்பு நேராக இருந்தது. முனிகிருஷ்ணன் முதலில் அதைத்தான் பார்த்தார். பிறகு வந்த காரியத்தைச் சுற்றி வளைக்காமல் சொன்னார்.

தணிகாசலம் துணியை உதறினான். “நல்லா கீதே மாமா நாயம். உம் பொண்ணுக்கு வெளி ரத்தம்னே. இப்போ உம் பொட்டைக்கு மட்டும் தாய்மாமன் கேக்குதா?”

“கேக்குது.”

“அப்போ அன்னிக்கு சொன்னது பொய்யா?”

வந்ததிலிருந்து நின்றுகொண்டே இருந்த முனிகிருஷ்ணன் தரையில் உட்கார்ந்தார்.

“பொய்யில்ல. பாதிதான் சொன்னேன். புறாவுல உள்ளயே குடுத்தா நல்லதும் தடிச்சி வரும், கெட்டதும் தடிச்சி வரும். நல்லத வச்சிக்குவேன், கெட்டதக் கழிச்சிடுவேன். கழிக்கறதாலதான் வம்சம் நிக்கிது. மன்சன்ல எத்தத் தணிகா கழிக்கறது? நீ தோள்ல தூக்கிக்கினு திரிஞ்சியே, நம்ப வரதன். அவனக் கழிக்க முடியுமா? அவன மாரி இன்னொண்ணப் பெத்து, எம்பொண்ணும் நீயும் அதுங்கூடவே தெனம் செத்துப் பொழைக்கணுமா? அதான் வாணாம்னேன். உம்மேல எனக்கு ஒரு கொறையும் இல்ல.”

தணிகாசலம் சைக்கிள் சக்கரத்தைச் சுற்றிவிட்டு, அது நிற்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தான். உள்ளே போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து மாமன் முன்னால் வைத்தான். ஐந்து வருஷத்துக்குப் பிறகு கிடைத்த தண்ணீர். முனிகிருஷ்ணன் முழுவதையும் குடித்தார்.

“வெள்ளவால அனுப்ப மாட்டேன்,” என்றான் தணிகாசலம். “பொண்ணத்தான் மாப்ள ஊட்டுக்கு அனுப்பறது வழக்கம். உம் பொட்டைய இங்க கொண்டாந்து உடு. மொதல்ல பொரிக்கற ரெண்டு குஞ்சுல எது வேணுமோ அத்த நான் எடுத்துக்குவேன். மிச்சந்தான் உனக்கு. கொண்டார்றது எங்க அக்கா கொண்டாரணும்.”

அது சாமானியப்பட்ட நிபந்தனை இல்லை. கையில் இருப்பது ஒரே பெட்டை. முதல் குஞ்சுகளில் நல்லதை அவன் எடுத்துக்கொண்டால், கிழட்டு ஆண் மறுபடி ஒரு குஞ்சு கொடுக்கும் என்பதற்கு உறுதி இல்லை. அவன் மனத்தில் இன்னும் கோபம் இருந்தால் பழிவாங்க இதைவிட வசதி வேறு கிடையாது. முனிகிருஷ்ணன் எல்லாவற்றையும் யோசித்துவிட்டுத்தான் சரி என்றார்.

அடுத்த வெள்ளிக்கிழமை செல்லியம்மாள் நாகப்பழத்தை மூங்கில் கூடையில் வைத்து, மேலே துணி கட்டி, ரயிலில் மடியிலேயே வைத்துக்கொண்டு போனாள். வெற்றிலை பாக்கு, மஞ்சள், பூ எல்லாம் தனிப் பையில் இருந்தன. புறாவுக்கா என்று முனிகிருஷ்ணன் கேட்டதற்கு, “எந்தம்பி பொண்டாட்டிக்கு. கல்யாணத்துக்கு வெக்காத சீரு,” என்றாள். அங்கே போனதும் தம்பியைக் கட்டிக்கொண்டு அழுதாளாம். கூடைக்குள் இருந்த பெட்டையை அரை நாள் யாரும் கவனிக்கவே இல்லை என்று கேள்விப்பட்டபோது முனிகிருஷ்ணனுக்குக் கோபம் வந்தது.

முதலில் இட்ட இரண்டு முட்டையும் கூமுட்டையாகப் போயின. முனிகிருஷ்ணன் சோறு இறங்காமல் திரிந்தார். ஜோடியைப் பிரித்துச் சில நாள் தனித்தனியாக அடைத்து, கிழத்துக்கு ஊறவைத்த கொண்டைக்கடலையும் கம்பும் கொடுக்கச் சொன்னார். மறுபடி சேர்த்தபோது இட்ட முட்டைகள் இரண்டும் பொரிந்தன. குஞ்சுகள் இறக்கை முளைத்துப் பறந்து, கரணம் பிடிக்கும் வயது வந்ததும் புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்தே மீஞ்சூர் போனார்கள். வெயில் ஏறுமுன் தணிகாசலம் கூண்டைத் திறந்துவிட்டான்.

கறுப்புக் குஞ்சு நேரே மேலே ஏறியது. ரயில் பாதைக்கு மேலே ஒரு வட்டம் அடித்தது. பிறகு விழ ஆரம்பித்தது. இறக்கையும் வாலும் ஒன்றாகிச் சுழன்றுகொண்டு வந்தது. ஓலைக் கூரை உயரத்துக்கு வந்துவிட்டது. முனிகிருஷ்ணன் தன்னை அறியாமல் கையை நீட்டினார். அது நின்றது. நிமிர்ந்து மேலே போயிற்று. கருப்பியேதான். இன்னொரு குஞ்சு சாம்பல் நிறம். பிறக்கும்போதே மார்பெலும்பு கோணல். ஒரு பக்கமாகச் சாய்ந்து கொஞ்ச தூரம் பறந்துவிட்டு, மூச்சு வாங்கிக்கொண்டு வந்து கூண்டின்மேல் உட்கார்ந்தது.

“மொத பொறுக்கு உன்னிது,” என்றார் முனிகிருஷ்ணன். குரல் அவருக்கே பிடிக்கவில்லை. ஆனால் சொன்ன வார்த்தையை மாற்றுகிற பழக்கம் அவருக்கு இல்லை.

தணிகாசலம் கூண்டுக்குப் போய்ச் சாம்பல் குஞ்சை எடுத்தான். அதன் தலை தொங்காமல் உள்ளங்கையால் தாங்கிக்கொண்டான். “இது எனக்கு.”

“அது கர்ணம் அடிக்காது தணிகா.”

“தெரியும்.”

“ஜோடி போடவும் ஆவாது.”

“போட மாட்டேன் மாமா. சும்மா இருக்கட்டும்.”

செல்லியம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். முனிகிருஷ்ணன் வானத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார், கறுப்புக் குஞ்சு எப்போதோ இறங்கிவிட்டிருந்தது.

அதோடு முனிகிருஷ்ணன் கழிப்பதை விட்டுவிட்டார் என்று எழுத எனக்கு ஆசைதான். விடவில்லை. விட்டிருந்தால் அந்த வம்சம் நின்றிருக்காது. வருஷா வருஷம் முறை பார்த்து ஜோடி போட்டார், வருஷா வருஷம் கோணலையும் நோஞ்சானையும் தனியே பிரித்தார். கறிக்குக் கொடுப்பதை மட்டும் நிறுத்தினார். கூடையில் வைத்து, துணி கட்டி, தானே மீஞ்சூர் ரயிலில் கொண்டுபோய், தணிகாசலத்திடம் விட்டுவிட்டு வந்தார்.