முத்துலிங்கம் திருப்பாத கழுத்து

முத்துலிங்கத்தைத் திறமான முடிவெட்டுபவர் என்று சொல்ல மாட்டேன். அவர் விடும் கிருதாக்களில் ஒன்று எப்போதும் சற்று மேலே நிற்கும். ஆனாலும் கண்டி சந்தைக்குப் பின்னால் இருக்கும் அவருடைய சலூனுக்கு ஆட்கள் வந்தார்கள், கழுத்துக்காக. முடி வெட்டியதும் தலையைப் பிசைந்து, தாடையோடு நாடியைப் பிடித்து, இடமும் வலமும் ஒரு வெட்டுத் திருப்பு. சடக்கென்று சத்தம் வரும். ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்து லயத்திலிருந்து இறங்கி வந்தவர் நகரத்தில் பெயர் எடுத்தது அந்தச் சத்தத்தால்தான்.

போன வருடம் அவருக்குப் பக்கவாதம் வந்தது. சீப்புப் பிடிக்கும் இடது கைக்குப் பாதிப் பலம்தான் திரும்பி வந்தது. கழுத்தை ஸ்கேன் பண்ணிப் பார்த்த டாக்டர், இரத்தக் குழாய்ச் சுவரில் கல்சியம் படிந்து குழாய்கள் விறைத்துவிட்டன, கழுத்தை யாரும் அழுத்தவோ திருப்பவோ விடாதீர்கள் என்றார்.

"அது படிஞ்சதாலதான் வாதம் வந்துச்சா டாக்டர்?"

"அதுவும் காரணமா இருக்கலாம். பிரஷர், சீனி, சிகரெட், வயசு, எல்லாம் சேர்ந்துதான்."

"மத்தவங்களுக்கும் இப்படி இருக்குமா?"

"உங்க வயசில நிறையப் பேருக்கு இருக்கும். வெளியில தெரியாது."

அந்தக் கடைசிப் பதில்தான் அவரைக் குழப்பிவிட்டது. எலும்புக்கென்று மனைவி ராக்கம்மா தினமும் விழுங்கும் கல்சியம் இவருடைய குழாயில் போய் ஏன் உட்கார்ந்தது? இத்தனை காலமும் திருப்பிய கழுத்துகளில் எத்தனை இப்படி இருந்திருக்கும்? யாருக்கும் ஒன்றும் ஆகவில்லையே என்று நினைப்பார். பிறகு வராமலே போனவர்களுக்கு என்ன ஆனது என்றும் நினைப்பார்.

போன வெள்ளிக்கிழமை நான் சுவரோர வாங்கில் உட்கார்ந்து காத்திருந்தேன். முடிவெட்டும் கதிரையில் அர்கம். அக்குறணையில் துணிக்கடை வைத்திருப்பவர், பழைய வாடிக்கையாளர், முத்துலிங்கத்துக்கு அண்ணன் முறையில் 'நானா'. முத்துலிங்கத்துக்கு வாதம் வந்த பிறகு அன்றுதான் வந்திருந்தார். முடி வெட்டி முடிந்ததும் வழக்கம்போல நாடியை உயர்த்திக் கொடுத்தார்.

"திருப்பிறத விட்டுட்டேன் நானா."

"அப்ப நான் என்னத்துக்கு பஸ் ஏறி வந்த? அக்குறணையிலயும் கத்திரிக்கோல் ஈக்கி."

"உங்களுக்குப் பிரஷர் இருக்கா?"

"உம்மு குல்சும கலியாணம் முடிச்ச நாளிலேந்து ஈக்கி."

வாங்கில் இருந்தவர்கள் சிரித்தார்கள். முத்துலிங்கம் சிரிக்கவில்லை. இரண்டு விரல்களை அர்கமின் தாடைக்குக் கீழே வைத்தார். பிறகு தன் கழுத்தில் வைத்தார். இரண்டும் துடித்தன. எது விறைத்தது, எது மெது என்று விரலுக்குத் தெரியவில்லை. கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார். எனக்கும் தெரியவில்லை. திருப்பினால் இந்த மனிதருக்கு என்ன ஆகுமோ. திருப்பாவிட்டால் இவர் இனி வர மாட்டார், இவரைப் போன்றவர்களும் வர மாட்டார்கள்.

"ஒண்ணும் புரியல நானா. வேணாம்."

"சரி, நீ பாத்துக்கிட்டு இரி," என்ற அர்கம், தன் நாடியைத் தானே பிடித்து ஒரு திருப்புத் திருப்பினார். சடக்.

"பாத்தியா, ஒண்டுமில்ல," என்று சிரித்தார்.

முத்துலிங்கம் கதிரைக்கு முன்னால் வந்து நின்றார்.

"இன்னொருக்கா சிரிங்க."

அர்கம் முறைத்துவிட்டுச் சிரித்தார்.

"ரெண்டு கையையும் தூக்குங்க."

"என்ன முத்து, பொலிஸா?"

போர்த்திய துணியோடு கைகள் மேலே போயின. வாதம் வந்த அன்று டாக்டர் முத்துலிங்கத்தைச் செய்யச் சொன்னதும் இவைதான். உதட்டின் இரு முனைகளையும், இரு கைகளையும் முத்துலிங்கம் மாறி மாறிப் பார்த்தார். இரண்டு பக்கத்தையும் அவர் அவ்வளவு கவனமாக ஒப்பிட்டு நான் பார்த்ததில்லை.

"கொஞ்ச நேரம் இப்படியே உக்காருங்க நானா."

"பஸ் போயிரும்."

"அடுத்த பஸ் வரும்."

அடுத்தது என் முறை. நான் எழுந்திருக்கவில்லை; கதிரை இன்னும் கொஞ்ச நேரம் அர்கமுக்கே இருக்கட்டும் என்று விட்டேன்.