எங்கள் லயத்தில் தாதா சாவதில்லை

ஞாயிறு பிற்பகல்களில் எங்கள் ரப்பர் தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளுள் ஒன்றில், வீடியோ படம் ஓடும். இருட்டுக்காகச் சன்னல்களில் கைலிகளைத் தொங்கவிடுவார்கள். அவற்றின் வழியே வெயில் வடிந்து, உட்கார்ந்திருப்பவர்கள் முகத்தில் பச்சையும் ஊதாவுமாகக் கட்டங்கள் அசையும். எல்லோரும் நீருக்கடியில் இருப்பது போலிருக்கும்.

எங்களுக்குப் பிடித்தவை தாதா படங்கள்தான். தாதா வெள்ளை உடையில் நாற்காலியில் சாய்ந்திருப்பார். அவர் முன்னால் அதிகாரிகள் நின்றுகொண்டிருப்பார்கள். அந்தக் காட்சியில் அறையில் ஒரு சத்தமும் இருக்காது. வேலை வாங்கும் மண்டோர் முன்னாலும் கணக்கெழுதும் கிராணி முன்னாலும் நின்றே பழகிய கால்கள் எங்களுடையவை. தாதா கடத்தினார், கொலை செய்தார். அதெல்லாம் பெரிதாகப் படவில்லை. அவர் உட்கார்ந்திருந்தார், அது போதும்.

அதனால் அவரைச் சாகவிடுவதும் இல்லை. கடைசிச் சண்டை தொடங்கியதும் பெண்கள், "போதும்லா, நிறுத்துங்க!" என்று கத்துவார்கள். பெட்டி அணைந்துவிடும். எங்கள் தோட்டத்தில் எந்தத் தாதாவும் செத்ததில்லை.

அப்போது நான் கோலசிலாங்கூருக்குப் பஸ்ஸேறிப் போய், பல்கலைக்கழகத்துக்கு முந்தைய ஆறாம் படிவம் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். நடக்கும் நடையிலேயே அது தெரியும். அண்ணன் பால் வெட்டப் போய்க்கொண்டிருந்தான். உலு யாம் ஊர்ப் பக்கத்து ஆள் ஒருவர் வெள்ளைக் காரில் வந்து அவனிடம் பேசத் தொடங்கியிருந்தார். அவர் கூடவே இருக்க வேண்டும், இறங்கும்போது கார்க் கதவைத் திறந்துவிட வேண்டும், அவ்வளவுதான் வேலையாம். ஞாயிற்றுக்கிழமை வந்து கூட்டிப்போவதாகச் சொல்லியிருந்தார். அம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை.

அந்த ஞாயிறு, பெண்கள் கத்தியதும் நான் பெட்டிக்கு முன்னால் போய் நின்றேன்.

"இன்னைக்கி முழுசா ஓடட்டும்."

"படிச்ச புள்ளைக்குக் கல்லு மனசுடி," என்றாள் பக்கத்து வீட்டு அக்கா.

தாதா மழையில் சரிந்தார். தாய் மடியில் ஏந்தினாள், ஊரே திரண்டு அழுதது. எங்கள் அறையும் அழுதது. அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "செத்தாலும் இப்படிச் சாவணும்லா," என்றான்.

சாவைக் கண்டால் பயப்படுவான் என்று நினைத்திருந்தேன். அது இத்தனை அழகாக இருக்குமென்று யார் கண்டது?

"கொஞ்சம் பின்னால ஓட்டுங்க மாமா," என்று படம் போடுபவரிடம் சொன்னேன். "அண்ணே, தாதாவப் பாக்காத. கார்க் கதவத் தொறக்குறானே, அவனப் பாரு."

கதவைத் திறந்தவன் முதல் குண்டிலேயே விழுந்தான். கேமரா அவனைத் தாண்டித் தாதாவிடம் போய்விட்டது. அண்ணன் எழுந்து பெட்டியருகே போனான்.

"மறுபடி போடுங்க மாமா."

அழுகிற கூட்டத்தில் அந்த ஆளுக்காக யாராவது அழுகிறார்களா என்று தேடினான்.

"மூஞ்சியக்கூடக் காட்டலயே," என்றான் மெல்ல.

வெளியே ஹாரன் கேட்டது. அண்ணன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"நீ போயி, அண்ணன் ஜெராமுக்கு மீன் வாங்கப் போயிருக்குன்னு சொல்லு."

"ஒன் மோட்டார் சைக்கிள் வெளியவே நிக்கிதே."

"அப்ப வேற ஏதாச்சும் சொல்லுலா! அம்மாம் படிச்சிருக்கியே!"

நல்ல பொய் ஒன்றைத் தேடிக்கொண்டே, நிமிர்ந்த நடையோடு அந்த வெள்ளைக் காரை நோக்கிப் போனேன்.