பச்சை ஒயர் போன இடம்

திருத்தணியிலிருந்து கே.ஜி.கண்டிகை போகும் வழியில், சாலையை ஒட்டிய ஒரு தகர ஷெட்டில் ஏழு மாதம் வேலை செய்தேன். அந்த நாட்களை நினைத்தால் இன்றும் வாயில் கசப்பு ஊறுகிறது. மெஷின் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. மனிதர்கள் மேல்தான். அந்த மனிதர்களில் நானும் ஒருத்தி.

ஷெட் முதலாளி விவசாயக் குடும்பத்துக்காரர். கரும்பு போட்டிருந்த நிலத்தில் ஒரு பகுதியை நிரவி, இரும்புத் தகடு வெட்டும் மெஷின்கள் செய்யத் தொடங்கியிருந்தார். தகட்டின் மேல் ஒரு டார்ச் நகர்ந்துகொண்டே, மின்பொறியின் சூட்டால் இரும்பை உருக்கி வெட்டும். டார்ச்சை நகர்த்தும் மோட்டார்களுக்கு உத்தரவு கொடுக்க வெளிநாட்டுக் கண்ட்ரோலர் வாங்குவதற்குப் பதில், சாதாரணக் கம்ப்யூட்டரையே அந்த வேலைக்கு மாற்றித் தர முடியுமா என்று கேட்டார். முடியும் என்றேன்.

வீட்டுக் கம்ப்யூட்டர் நேரத்தைப் பற்றி அவ்வளவாகக் கவலைப்படாது. ஒரு எழுத்து திரையில் வர அரை நொடி ஆனால் நாமும் கண்டுகொள்ள மாட்டோம். மோட்டாருக்கு அது ஆகாது. ஒவ்வொரு மில்லி செகண்டும் ஒரு செய்தி நெட்வொர்க் கேபிள் வழியாகப் போய்த் திரும்பியாக வேண்டும். அதற்கென்று ஒரு சாஃப்ட்வேர் உண்டு. பிராசஸரில் ஒரு பகுதியையும் ஒரு நெட்வொர்க் கார்டையும் விண்டோஸிடமிருந்து பிடுங்கித் தனக்கென்று வைத்துக்கொள்ளும். திரும்பி வராத செய்திகளை எண்ணிக்கொண்டே இருக்கும். வரிசையாக மூன்று தவறினால் மெஷினை நிறுத்திவிடும்.

முதல் தொல்லை கார்டில் வந்தது. கம்ப்யூட்டர் போர்டிலேயே இருந்த கார்டை சாஃப்ட்வேர் ஏற்கவில்லை. சென்னையில் வேறொன்று சொல்லி, ஆடிக் கிருத்திகைக் கூட்டத்தில் பார்சல் ஆபீஸ் வரை நடந்து போய் வாங்கி வந்தேன். மாட்டியதும் விளக்கு பச்சையாக எரிந்தது. டார்ச்சைப் பற்றவைக்காமல் ஒரு மதியம் முழுக்க மெஷினைச் சும்மா ஓட்டிப் பார்த்தேன். ஒரு செய்திகூடத் தவறவில்லை. முதலாளி கம்ப்யூட்டர் பெட்டிக்குக் குங்குமம் வைத்தார்.

மறுநாள் டார்ச்சைப் பற்றவைத்து வெட்டச் சொன்னார். நான்கு விரற்கடை வெட்டுவதற்குள் நின்றுவிட்டது. திரையில் செய்தி தவறியதாகச் சிவப்பு எழுத்து. மறுபடி ஓட்டினோம். மறுபடி நின்றது.

மெஷினை ஓட்டியவர் திருவாலங்காட்டுப் பக்கத்துப் பெண்மணி. நாற்பது வயது இருக்கும். கழனி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவர், இங்கே வந்து ஒரு வருடத்தில் தகடு ஏற்றுவதிலிருந்து வரைபடம் திறப்பது வரை கற்றுக்கொண்டிருந்தார். நான் அவரை அக்கா என்பேன். அவர் என்னை மேடம் என்பார்.

"மேடம், இந்தப் பெட்டியத் தொடசொல்லோ சுள்ளுனு இழுக்குதுங்க" என்றார் அன்றைக்கு.

"செருப்பு போட்டுகினு தொடுங்கக்கா" என்றேன். என் கண் திரையில் இருந்தது.

அதற்குப் பிறகு இரண்டு வாரம் நான் செய்யாதது இல்லை. கம்ப்யூட்டரின் மின்சேமிப்பு வசதிகளை ஒவ்வொன்றாக அணைத்தேன். வைரஸ் தடுப்பை நீக்கினேன். கார்டை வேறு இடத்தில் மாட்டினேன். கேபிளை நான்கு முறை மாற்றினேன். ஒவ்வொரு முறையும் டார்ச் இல்லாமல் ஓட்டிச் சோதிப்பேன், சரியாக ஓடும். தகடு வீணாகிறது என்று முதலாளி நெருப்போடு சோதிக்க விடுவதில்லை. ஒருநாள் அக்காதான் சொன்னார்: "சும்மா ஓடசொல்லோ ஒண்ணும் ஆவல மேடம். நெருப்பு பத்துனாத்தான் நிக்குது." அவர் சொன்னதைக் கேட்டுவிட்டு, சாஃப்ட்வேர் கம்பெனிக்கு நீண்ட மெயில் ஒன்று எழுத உட்கார்ந்தேன். பக்கத்தில் நின்றவரிடம் ஒரு கேள்விகூடத் திருப்பிக் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை, மெஷினை வாங்கவிருந்த கஸ்டமர் பார்க்க வருவதாக இருந்தது. வியாழக்கிழமை முதலாளி என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார்.

"மூணு தப்புனா நிக்கும்னு வெச்சிருக்கீங்க இல்ல? அந்த நம்பர கொஞ்சம் ஏத்தி வுடுங்க மேடம்."

"அது பாதுகாப்புக்கு வெச்சதுங்க. ஏத்துனா எங்க போறோம்னு தெரியாமலே மெஷின் ஓடும்."

"ஒரு நாளிக்கித்தான. அவரு பாத்துட்டுப் போவட்டும். அப்பறம் பொறுமையா சரி பண்ணுங்க."

மூன்றை முந்நூறாக மாற்றினேன். யாரும் என் கையைப் பிடித்து மாற்றவில்லை.

கஸ்டமர் வந்தார். முதல் வட்டம் ஒழுங்காக வெட்டுப்பட்டது. இரண்டாவதில், திரும்ப வேண்டிய இடத்தில் டார்ச் திரும்பாமல் நேராகப் போனது. போய், தகட்டைப் பிடித்திருந்த கிளாம்பில் மோதி, ஒரு கொத்துத் தீப்பொறியை அக்கா நின்ற பக்கம் வாரி அடித்தது. அவர் முழங்கையைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார். சட்டைக் கையில் ஓட்டை விழுந்து, தோல் பொசுங்கிய வாடை வந்தது. நான் ஓடிப்போய் மெஷினை நிறுத்தும் சிவப்புப் பொத்தானை அடித்தேன்.

"ஏம்மா, நீ ஏன் அங்க போயி நிக்கிற?" என்றார் முதலாளி. பிறகு கஸ்டமர் பக்கம் திரும்பிச் சிரித்தார். கஸ்டமரும் சிரித்தார்.

அக்காவைக் குழாயடிக்கு அழைத்துப் போய்க் கையில் தண்ணீர் விட்டேன். எரிச்சலில் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தவர், கொஞ்ச நேரம் கழித்து மெதுவாகக் கேட்டார்.

"பெட்டி இழுக்குதுன்னு அன்னிக்கே சொன்னனே மேடம். உங்க காதுல வுழலயா?"

"வுழுந்துச்சுக்கா" என்றேன்.

உள்ளே திரும்பி வந்து, கம்ப்யூட்டர் பெட்டியிலிருந்து கிளம்பும் எர்த் ஒயரைக் கையால் பிடித்துக்கொண்டே போனேன். பச்சை ஒயர். பேனலுக்குப் போனது, பேனலிலிருந்து சுவரில் இருந்த துளை வழியாக வெளியே போனது. வெளிச்சுவரில் ‘எர்த் பிட்’ என்று அழகாகப் பெயின்ட் அடித்து அம்புக்குறி போட்டிருந்தது. அம்புக்குறிக்குக் கீழே சிமென்ட் மூடி. ஒயர் அந்த மூடிக்குள் போகவே இல்லை. சுருட்டி, பிளாஸ்டிக் கயிற்றால் கட்டி, ஓர் ஆணியில் மாட்டியிருந்தது. மூடியைக் கம்பியால் நெம்பித் திறந்தேன். உள்ளே டீ கப்புகளும் பாக்குப் பொட்டலங்களும், அவற்றின் மேல் உப்பிக் கிடந்த ஒரு செத்த எலியும். பள்ளமே ஒரு முழம்தான். பூமிக்குள் எதுவும் இறங்கவில்லை.

பற்றவைக்கும்போது டார்ச் கக்கும் மின் இரைச்சல், போக வழியில்லாமல் கேபிளில் ஏறிச் செய்திகளைத் தின்றிருக்கிறது. பெட்டியில் தேங்கிய கசிவு மின்சாரம் அக்காவின் கையை இழுத்திருக்கிறது. இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். வேலை தொடங்கிய வாரம் நான் நிரப்பிய பரிசோதனைத் தாளை எடுத்துப் பார்த்தேன். ‘எர்த் சரிபார்க்கப்பட்டது’ என்ற வரிக்கு எதிரே நீல மையில் டிக். என் கையெழுத்து. முதலாளியின் மச்சான்தான் ஷெட்டுக்கு எலெக்ட்ரீஷியன். எல்லோரும் அவரை பாவா என்பார்கள். அவரிடம் "எர்த் இருக்குங்களா?" என்று கேட்டதும், "ஆங், இருக்கு" என்று அவர் சொன்னதும், நான் டிக் போட்டதும் ஞாபகம் வந்தது. எழுந்து போய்ப் பார்க்க இருபது அடி தூரம்.

பாவாவைக் கூப்பிட்டு ஒயரைக் காட்டினேன். வாயில் இருந்த பாக்கை ஓரமாகத் துப்பிவிட்டு வந்தார்.

"அடியில பாறைங்க. தோண்ட வரல. மழ பேஞ்சா பாத்துக்கலாம்னு வுட்டுட்டேன்."

"அப்ப சுவத்துல எதுக்கு எழுதுனீங்க?"

"இன்ஸ்பெக்சனுக்கு வந்தா பாப்பாங்க இல்ல."

முதலாளி இடையில் புகுந்து, "சரி பாவா, வேற எடத்துல தோண்டிரு" என்றார், செடி ஒன்றை இடம் மாற்றச் சொல்வதுபோல. தோண்டினார்கள். குழாய் இறக்கி, கரியும் உப்பும் போட்டுத் தண்ணீர் விட்டார்கள். நான் மீட்டர் வைத்து அளந்த பிறகுதான் கரண்ட் கொடுக்க விட்டேன். முந்நூறைத் திரும்ப மூன்றாக்கினேன். டார்ச் எரிய எரிய மெஷின் ஒரு மணிநேரம் ஓடியது. தவறிய செய்தி ஒன்றுகூட இல்லை.

கஸ்டமர் மறுபடி வந்தபோது, "சாஃப்ட்வேர்ல சின்ன மிஸ்டேக்கு, மேடம் சரி பண்ட்டாங்க" என்றார் முதலாளி. நான் அங்கேயே நின்றிருந்தேன். தலையாட்டினேன்.

அக்கா அந்த வாரத்தோடு நின்றுவிட்டார். அரக்கோணத்தில் ஒரு தையல் கம்பெனியில் சேர்ந்துவிட்டதாகப் பிறகு கேள்விப்பட்டேன். காயத்துக்கு வைத்தியம் பார்த்தாரா என்று ஷெட்டில் யாருக்கும் தெரியவில்லை. அவர் நம்பர் என்னிடம் இருந்தது. போன் செய்ய எனக்குப் பத்து நாள் பிடித்தது. "ஆறிப்போச்சு மேடம், தழும்புதான் இருக்கு" என்றார். மன்னிப்புக் கேட்டேன். "ஆங், சரிங்க" என்றார். அந்தப் பதிலில் கோபமும் இல்லை, நெருக்கமும் இல்லை.

கஸ்டமரையும் கூப்பிட்டேன். சாஃப்ட்வேரில் தப்பே இல்லை, எர்த் இல்லை, நான் நம்பரை ஏற்றி வைத்து அவரை ஏமாற்றினேன் என்று எல்லாவற்றையும் சொன்னேன்.

"இப்ப ஓடுது இல்ல? அப்பறம் இன்னாங்க?" என்றார்.

அவருடைய ஷெட்டில் மெஷினை இறக்கிய அன்று, மீட்டர் வைத்து அளக்காமல் ஸ்விட்ச் போட மாட்டேன் என்று வெளியிலேயே நின்றேன். அவருடைய எலெக்ட்ரீஷியன் வந்து எர்த் பள்ளத்தைத் திறந்து காட்டும் வரை வெயிலில் இரண்டு மணிநேரம் நிற்க வைத்தார்கள். அளந்தேன். எர்த் நன்றாகவே இருந்தது. மெஷினை ஓட்டிக் காட்டிவிட்டு, அவர்கள் வாங்கி வைத்திருந்த சாப்பாட்டைத் தொடாமல் பஸ் ஏறினேன். அந்த மாதக் கடைசியில் வேலையை விட்டேன்.