அளவுக்கு உட்கார்ந்தவர்

என் கையெழுத்து கோணல்மாணலாக இருக்கும். சின்ன ர எங்கே, பெரிய ற எங்கே என்று இன்றைக்கும் எனக்குச் சரியாகத் தெரியாது. ஐந்தாம் வகுப்போடு நின்றவன். இரும்பில் கோடு நேராகப் போடுவேன், தாளில் வராது. படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கோவில்பட்டியில் எட்டயபுரம் ரோட்டில் எனக்கு ஒரு தகரக் கொட்டகை இருக்கிறது. வெல்டிங், பாடி வேலை, சேசிஸ் வேலை எல்லாம் செய்கிறேன். என்னோடு ஒரு பெயிண்டர். அவன் பேசுவான், நான் பேசமாட்டேன். வருகிறவர்கள் அவனைத்தான் முதலாளி என்று நினைத்துக் கும்பிடுவார்கள். நானும் திருத்தியதில்லை.

மூன்று வருடத்துக்கு முன்பு நாகலாபுரம் பக்கத்திலிருந்து ஒரு பழைய பெட்ரோல் பிக்கப்பைக் கட்டி இழுத்து வந்தார்கள். பருத்தியும் மிளகாய் வத்தலும் ஏற்றியே தேய்ந்த வண்டி. என்ஜின் இறுகிவிட்டது. அடிச்சட்டமான சேசிஸ் தட்டினால் உதிர்ந்தது. வண்டிக்காரர் சென்னையில் இருந்தார். அவருடைய அப்பா வாங்கிய வண்டி. மேலே பழைய முகம் அப்படியே இருக்க வேண்டும், கீழே இந்தக் காலத்து டீசல் வண்டி ஓட வேண்டும் என்பது அவர் ஆசை. முன்பக்கம் நசுங்கிய புது டீசல் பிக்கப் ஒன்றை மதுரையில் வாங்கி அனுப்பினார். அதன் கூண்டைக் கழற்றி எறிந்துவிட்டு, அதன் சேசிஸ் மேல் பழைய கூண்டை உட்கார வைப்பதுதான் என் வேலை. ஆர்டிஓ காகிதமெல்லாம் தன் பொறுப்பு என்று சொல்லிவிட்டார்.

கூண்டை வைப்பது பெரிய வேலை இல்லை. ஆள் உட்கார்ந்து ஓட்டுகிற இடம்தான் வேலை. சீட், ஸ்டியரிங், மூன்று பெடல், தரையில் கியர், எல்லாவற்றையும் ஒரு உடம்புக்குத் தக்கபடி வைக்க வேண்டும். யாராவது உட்கார்ந்தால்தான் முடியும். வண்டிக்காரரிடம் போனில் சொன்னேன்.

"எங்க வண்டிய ஓட்டுன டிரைவர் ஊர்லதான் இருக்காரு. என் உயரந்தான். அவர வச்சு அளவு எடுத்துக்கோங்க" என்றார்.

"சரிங்க."

"இன்னொண்ணு. வண்டிய இனி நாந்தான் ஓட்டப்போறேன். அத அவர்ட்ட சொல்லிராதீங்க. சொன்னா அளவுக்கு வரமாட்டாரு."

"சரிங்க" என்றேன். எனக்குப் போனில் வருகிற ஒரே வார்த்தை அதுதான்.

மறுநாள் காலையிலேயே டிரைவர் வந்துவிட்டார். அறுபதைத் தாண்டியவர். அந்த வண்டியை இருபத்தெட்டு வருடம் ஓட்டியிருக்கிறார். வண்டி நின்ற பிறகு கோவில்பட்டியில் தீப்பெட்டி செய்கிற ஒரு ஆபீசில் ராத்திரி வாட்ச்மேன். வேலை முடிந்த கையோடு நேராகக் கொட்டகைக்கு வந்து, தூங்காத கண்ணோடு கூண்டுக்குள் ஏறி உட்கார்வார். கொட்டகைக்குள் வண்டி அடங்காது. அதனால் வெளியே வெயிலில்தான் நின்றது. சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும். நான் சாக்பீஸ் வைத்து அவர் முழங்காலையும் பாதத்தையும் குறிப்பேன்.

"என்ன அண்ணாச்சி, மாப்பிள்ள கணக்கா உக்காந்திருக்கிய? பொண்ணு எப்ப வருது?" என்பான் பெயிண்டர்.

"பொண்ணு மேலதாம்லே உக்காந்திருக்கேன். நீ வெரசா பவுடரப் பூசு."

பழைய வண்டிக்குக் கியர் ஸ்டியரிங்கிலேயே இருந்தது. அவர் கை அங்கேயே போகும். வெறும் காற்றைப் பிடித்துவிட்டுச் சிரிப்பார். பிறகு தரைக் கியரைப் பிடித்து, என்ஜின் ஓடாத வண்டியில், ஒன்று, இரண்டு, மூன்று என்று போட்டுப் பழகுவார்.

அவருடைய இடது முழங்கால் முழுதாக நீளாது. லோடு இறக்கும்போது விழுந்தது. பழைய கிளட்ச் பெடல் மேல் ஒரு மரக்கட்டையை வயரால் கட்டி வைத்திருந்தார். அதைப் பிரித்தெறிந்தது நான்தான்.

"ஏலே, கிளட்சு எட்டலியே. இன்னும் ரெண்டு வெரக்கடை கிட்டக் கொண்டா" என்றார் நான்காம் நாள்.

முடியாது என்றால் ஏன் என்று கேட்பார். ஏன் என்று சொல்ல என்னால் ஆகாது. பெடலின் தாங்கியை அறுத்து இரண்டு விரற்கடை கிட்டே வைத்து ஒட்டினேன். அவர் மிதித்துப் பார்த்துவிட்டு, "இப்பம் சரி" என்று என் தோளில் தட்டினார்.

போன் விஷயம் பெயிண்டருக்கும் தெரியும். சாப்பிடும்போது கேட்டான். "ஒமக்குக் கிறுக்கா அண்ணே? ஓட்டப்போறது அவியளா? சொல்லித் தொலைக்க வேண்டியதான."

"நீ சொல்லேன்."

"எனக்கென்ன வந்துச்சு? பெயிண்டு அடிக்கச் சொன்னா அடிக்கேன்."

அடுத்த வாரம் டிரைவர் ஒரு பொட்டலம் கடம்பூர் போளியோடு வந்தார். முகம் மலர்ந்து இருந்தது.

"வாட்ச்மேன் வேலைக்கு முழுக்குப் போட்டாச்சுலே. கணக்கப்பிள்ள இருவே இருவேன்னாரு. போவே, எனக்கு வண்டி வருதுன்னு சொல்லிட்டு வந்துட்டேன். தின்னு, தின்னு."

நான் இரண்டு போளி தின்றேன். கூச்சத்தால்தான் சொல்லவில்லை என்று இதுவரை எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன். அது பாதிதான் உண்மை. அன்றைக்கு ஸ்டியரிங் அளவு இன்னும் எடுத்து முடியவில்லை. அவர் எழுந்து போய்விட்டால் எனக்கு வேலை நின்றுவிடும். கையைத் துடைத்துக்கொண்டு, "ஏறுங்க அண்ணாச்சி" என்றேன். ஏறினார்.

வண்டியை எடுக்கிற நாளில் அவர் வெள்ளைச் சட்டை போட்டு வந்திருந்தார். நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் அவரே வாங்கி வந்து வைத்தார். சாவியைப் போட்டு என்ஜினை ஓடவிட்டு உள்ளேயே உட்கார்ந்திருந்தார். டீசல் என்ஜின் சத்தம் அவருக்குப் பிடித்திருந்தது. தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார்.

வண்டிக்காரர் வாடகைக் காரில் வந்து இறங்கினார். சுற்றிப் பார்த்தார். "அண்ணாச்சி, இறங்குங்க" என்றார். பூஜை போடுவதற்கு என்று நினைத்து டிரைவர் இறங்கினார். வண்டிக்காரர் ஏறிக் கிளட்சை மிதித்துவிட்டுக் காலை எடுத்தார். முழங்கால் ஸ்டியரிங்கில் டக்கென்று இடித்தது.

"என்னங்க இது? யார் காலுக்குப் போட்டீங்க?"

டிரைவர்தான் சிரித்துக்கொண்டே பதில் சொன்னார். "எங்காலுக்குத் தக்கன போட்டிருக்கு சின்ன முதலாளி. ஒங்களுக்கு இடிக்கத்தான் செய்யும்."

"உங்களுக்கு எதுக்கு? ஓட்டப்போறது நானு. உங்கள அளவுக்குத்தான உக்கார வைக்கச் சொன்னேன்." கோபமே இல்லாமல் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பினார். "இப்பவே மாத்துங்க. நான் கிளம்பணும்."

பேட்டரியைக் கழற்றாமல் வெல்டிங் வைத்தால் புது என்ஜினின் கம்ப்யூட்டர் பெட்டி கருகிவிடும். அதைக் கழற்றிவிட்டுப் பெடலுக்கு அடியில் தலையை நுழைத்தேன். உள்ளே இருட்டு. பெயிண்டர் டீ வாங்கப் போயிருந்தான்.

"அண்ணாச்சி, சும்மாதான நிக்கீங்க? அந்த லைட்டக் கொஞ்சம் பிடிங்க" என்றார் வண்டிக்காரர்.

டிரைவர் குனிந்து லைட்டைப் பிடித்தார். அவருக்காக ஒட்டிய தாங்கியை அவர் வெளிச்சத்திலேயே அறுத்தேன்.

"ஒனக்கு முன்னாலேயே தெரியுமாலே?" மெதுவாகத்தான் கேட்டார்.

"தெரியாது அண்ணாச்சி."

கதவில் சாய்ந்து நின்ற வண்டிக்காரர் காதில் அது விழுந்துவிட்டது. "என்ன தெரியாது? முத நாளே போன்ல சொன்னேனே."

லைட் ஆடவில்லை. எங்கே வேண்டுமோ அங்கே பிடித்தபடியே இருந்தார். நான் ஒட்டி முடித்துத் தலையை எடுக்கப் போனேன்.

"இந்த ஓரத்துல ஒட்டு பிடிக்கல. இதையும் வையி" என்றார். வைத்தேன். லைட்டைக் கீழே வைத்துவிட்டு நொண்டிக்கொண்டே ரோட்டுக்குப் போனார்.

வண்டிக்காரர் பழத்தை நசுக்கி வண்டியை எடுத்தார். பஸ்ஸுக்கு நின்றவர் பக்கத்தில் போய் நிறுத்தினார். முன் சீட்டில் அவருடைய பையும் மாலையும் இருந்தன. "ஊருக்குத்தான போறேன். பின்னால ஏறிக்கோங்க."

அந்த வீட்டார் கூப்பிட்டு ஏறாமல் இருந்து அவருக்குப் பழக்கமில்லை. பின் பலகையில் கை வைத்தார், கால் மேலே வரவில்லை. நான் ஓடிப்போய் அக்குளில் கை கொடுத்தேன்.

"தொடாத."

பெயிண்டர் டீக் கிளாசைக் கீழே வைத்துவிட்டு வந்து அவரை மூட்டை மாதிரித் தூக்கி உள்ளே வைத்தான். வண்டி கிளம்பியது. கியர் வெண்ணெய் மாதிரி விழுந்தது. மாற்றி வைத்த அளவு துல்லியம்.

தீப்பெட்டி ஆபீசில் அவர் இடத்துக்கு அந்த வாரமே வேறு ஆள் வந்துவிட்டார். அவர் திரும்பிப் போய்க் கேட்டதாகவும், கணக்கப்பிள்ளை எல்லார் முன்னாலும் "வண்டி எங்கவே?" என்று கேட்டுச் சிரித்ததாகவும் பெயிண்டர் வந்து சொன்னான். அவனும் சிரித்தான். இப்போது அவர் ஊரில் யாரோ ஒருவருடைய மிளகாய்க் காட்டுக்குக் காவல் இருக்கிறாராம்.

தெரிந்தேதான் செய்தேன் என்று அவரிடம் சொல்ல நாகலாபுரம் பஸ்ஸில் மூன்று தடவை ஏறினேன். மூன்று தடவையும் எட்டயபுரத்திலேயே இறங்கித் திரும்பிவிட்டேன். வாயால் வராது என்று தெரிந்த பிறகு இந்த நோட்டை வாங்கினேன். வாங்கியும் ஒரு வருடம் சும்மா கிடந்தது. எழுதியது ஆவணி பதினேழு, செவ்வாய்க்கிழமை.