பழசக்கா வைத்திருந்த பிளக்

எங்கள் மோட்டார் சைக்கிள் உதிரிபாகக் கடையில் அவளுக்குப் பெயர் பழசக்கா. ஐம்பது வயதாகிறது என்பதற்காக வைத்த பெயர் இல்லை. யார் வந்து ஸ்பார்க் பிளக் கேட்டாலும் அவள் கேட்கும் முதல் கேள்வி, "பழசு எங்க?" என்பதுதான். வண்டியிலிருந்து கழற்றிய பிளக்கைக் கண்ணில் காட்டாதவரை புதியதைத் தொட மாட்டாள். தலைகீழாக நின்றாலும் சரி, முதலாளிக்கு மச்சான் என்றாலும் சரி.

பழசைக் கொடுத்தால் கண்ணாடி மேசைமேல் படுக்க வைப்பாள். பக்கத்தில் புதியதைப் படுக்க வைத்து, இரண்டுக்கும் நடுவில் இரும்பு ஸ்கேலை வைத்து, உள்ளே திருகுகிற மரையின் நீளத்தை அளப்பாள். பிறகு பழசின் நுனியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பாள். கருத்திருந்தால் வண்டி பெட்ரோலை வீணாகக் குடிக்கிறது. வெளுத்திருந்தால் எஞ்சின் சூடேறுகிறது. எண்ணெய் பிசுபிசுத்தால், "இதுக்குப் பிளக் போதாது, சங்குதான் ஊதணும்" என்பாள். நுனி பிஸ்கட் நிறத்தில் இருந்தால் மட்டும் கொஞ்சம் சிரிப்பாள். எல்லாம் முடிந்ததும் பழசைத் துடைத்து, காகிதத்தில் சுற்றித் திருப்பிக் கொடுத்துவிடுவாள். "உங்க பழசு உங்ககிட்டயே இருக்கட்டும்."

எனக்கு அடுத்த மேசை. செயின், பிரேக் ஷூ, கேபிள் எல்லாம் என் பொறுப்பு. ஒன்பது வருடமாக அவள் பக்கத்தில் நிற்கிறேன். அதனால் அவள் டிராயரின் மூலையில், துணியில் சுற்றி வைத்திருந்த ஒரு பிளக்கைப் பற்றி எனக்குத் தெரியும். அதன் நுனிக்கம்பி உள்ளுக்குள் மடங்கி, சுத்தியலால் அடித்ததுபோல் நசுங்கியிருக்கும். அதற்கு மட்டும் சொந்தக்காரன் வரவில்லை. அவன் வரட்டும் என்றுதான் அக்கா காத்திருந்தாள்.

கடைக்கு வருவதற்குமுன் அக்கா மெக்கானிக்காக இருந்தவள். இரண்டு தெரு தள்ளி ஒரு ஒர்க்‌ஷாப்பில் ஆறு வருடம் வேலை பார்த்தாள். அதன் சொந்தக்காரரை எல்லோரும் மாஸ்டர் என்பார்கள். ஒரு நாள் போட்டோக்காரர் ஒருவர் தன் அப்பா ஓட்டிய பழைய வண்டியைக் கொண்டுவந்து விட்டார். அந்தக் கம்பெனி வண்டிகள் எல்லாமே நீள மரை பிளக் எடுப்பவை. அந்த ஒரு பழைய மாடலுக்கு மட்டும் குட்டை மரை. குட்டை போட வேண்டிய இடத்தில் நீளத்தைத் திருகினால் அதன் நுனி எஞ்சினுக்குள் நீட்டிக்கொண்டு நிற்கும். மேலே ஏறி வரும் பிஸ்டன் நேராகப் போய் அதில் மோதும்.

மாஸ்டர் அளந்து பார்க்கவில்லை. அலமாரியில் கைக்கு வந்ததை எடுத்துத் தன் கையாலேயே திருகினார், கிக் அடித்தார், பிஸ்டன் உடைந்தது. அக்கா அப்போது பின்கட்டில் டயர் கழற்றிக்கொண்டிருந்தாள். போட்டோக்காரர் வந்து கேட்டபோது, மாஸ்டர் கண்ணைக்கூடச் சிமிட்டாமல் அவளைக் கைகாட்டினார். "பொம்பளை கையில ஸ்பேனர் குடுத்தது என் தப்புதான் சார்." அன்றே அனுப்பிவிட்டார். போதாதென்று ஊரில் இருக்கிற ஒர்க்‌ஷாப் எல்லாவற்றிலும் அந்தக் கதையைச் சொல்லிவைத்தார். அதற்குப் பிறகு ஒருவரும் அவளுக்கு ஒரு நட்டைக்கூடத் திருகக் கொடுக்கவில்லை. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பது இதுதான். போகும்போது கழிவு டப்பாவிலிருந்து அந்த நசுங்கிய பிளக்கை மட்டும் அவள் எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

அக்கா மன்னிக்கிற ஜாதி இல்லை. அந்தத் தெரு வழியாகப் போகும் பேருந்தில் ஏற மாட்டாள். சுற்றிக்கொண்டு போகும் பேருந்தில்தான் வருவாள். ஒருமுறை காற்றில் மாஸ்டர் ஒர்க்‌ஷாப்பின் பெயர்ப்பலகை விழுந்துவிட்டது என்று கேள்விப்பட்டதும் கடையில் இருந்த எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தாள். அவருக்கு முட்டியில் ஆபரேஷன் என்றதும், "எந்தக் கால்? கிக் அடிக்கிற காலா?" என்று ஆசையோடு கேட்டாள். ஆமாம் என்றேன். அன்று முழுக்க முணுமுணுவென்று ஏதோ பாடிக்கொண்டே வேலை பார்த்தாள்.

மாடியில் இரண்டே அறை கொண்ட வீடு அவளுடையது. கணவர் பேருந்து ஓட்டுநர். கட்டிலுக்கு அடியில் அவளுடைய ஸ்பேனர் பெட்டி இருக்கிறது. மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை அதை வெளியே இழுத்து, ஒவ்வொன்றாக எண்ணெய் போட்டுத் துடைத்து, மறுபடி உள்ளே தள்ளுவாள். வேலை கொடுக்க ஆளில்லாத பெட்டிக்கு எதற்கு எண்ணெய் என்று நான் ஒருமுறை கேட்டுவிட்டேன். "பொறுத்தார் பூமி ஆள்வாராம் தம்பி. நான் ஒம்போது வருஷமா இந்தக் கண்ணாடி மேசையைத்தான் ஆள்றேன். அந்த ஆளு கையாலயே இன்னொரு எஞ்சின் உடையணும். நாலு பேரு பாக்கணும். அதுவரைக்கும் பெட்டி துருப்பிடிக்கக் கூடாது" என்றாள்.

போன மாதம் ஒரு நண்பகலில் மாஸ்டர் எங்கள் கடைக்குள் வந்தார்.

அவர் வழக்கமாக வாங்கும் கடை தரை மாற்றுவதற்காக மூடியிருந்தது. ஒர்க்‌ஷாப்பில் பல் டாக்டரின் வண்டி நின்றுகொண்டிருந்தது. அவசரம், அதனால் வேறு வழியில்லாமல் வந்திருக்கிறார். முட்டியைத் தேய்த்துக்கொண்டே வந்து அக்காவின் முகத்தைப் பார்க்காமல் மேசையைப் பார்த்துக் கேட்டார். அதே கம்பெனி, அதே பழைய மாடல். "நீள மரை ஒண்ணு."

ஒன்பது வருடமாகியும் இந்த மனிதர் அந்த வண்டிக்கு எந்தப் பிளக் என்று கற்றுக்கொள்ளவே இல்லை. எப்படிக் கற்றுக்கொள்வார்? தப்பை அக்கா தலையில் கட்டும்போது பாடத்தையும் சேர்த்தே அவளிடம் கட்டிக் கொடுத்துவிட்டார்.

அக்கா "பழசு எங்க?" என்று கேட்கவில்லை.

ஒன்பது வருடத்தில் அவள் அதைக் கேட்காமல் நான் பார்த்தது அன்றுதான். திரும்பினாள், ஏணியில் ஏறினாள், நீள மரை பிளக் பெட்டியை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். பொய் சொல்லவில்லை, ஏமாற்றவில்லை, கேட்டார், கொடுத்தாள். வரிசையில் நின்ற நான்கு பேர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. உண்மையைச் சொல்கிறேன், திறக்க விரும்பவில்லை. உப்பைத் தின்றவன் தண்ணீர் குடிக்கட்டும் என்றுதான் இருந்தது.

மாஸ்டர் பெட்டியை எடுத்துக்கொண்டு போனில் பேசினார். "மாப்பிள்ளை, பிளக் வாங்கிட்டேன். குடுத்துட்டு நான் முட்டி டாக்டரப் பாக்கப் போயிடுவேன். நீங்களே மாட்டிடுங்க."

அக்காவின் கை சட்டென்று நீண்டு அவர் கையிலிருந்த பெட்டியைப் பிடித்தது.

"குடுங்க. பழசு எங்க?"

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. கனிந்து வந்த பழத்தை யாராவது காக்கைக்குப் போடுவார்களா? அவருடைய மகளைக் கட்டியவர் இரண்டு வருடமாக அந்த ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்க்கிறார் என்பது பிறகுதான் எனக்கு உறைத்தது. மாட்டப்போவது அவர். பிஸ்டன் உடைந்தால் மாஸ்டரின் விரல் யாரைக் காட்டும் என்று அக்காவுக்குத் தெரியாதா? ஆனால் இரக்கப்பட்டுத்தான் பிடுங்கினாயா என்று பிற்பாடு கேட்டதற்கு அவள் முகத்தைச் சுளித்தாள். "இரக்கமெல்லாம் இல்ல தம்பி. குறி தப்பிடும்ல" என்றாள்.

மாஸ்டருக்கு மூக்கின்மேல் கோபம். முப்பது வருட அனுபவம் என்றார், பெட்டியைக் கொடு என்றார். பழசு இல்லாமல் இங்கே யாருக்கும் பிளக் கிடையாது என்று வரிசையில் நின்றவர்களே சொன்னார்கள். வேறு வழியில்லாமல் மறுபடி போன் போட்டார். பத்து நிமிடத்தில் மருமகன் கிரீஸ் கையோடு பல் டாக்டர் வண்டியின் பழைய பிளக்கைக் கொண்டுவந்தார்.

அக்கா அதை மேசைமேல் படுக்க வைத்தாள். பக்கத்தில் மாமனார் கேட்ட நீள மரையை வைத்தாள். நடுவில் ஸ்கேல். அளந்து காட்டவே தேவையில்லை, குருடனுக்குக்கூட வித்தியாசம் தெரியும். பிறகு டிராயரைத் திறந்து, துணியைப் பிரித்து, நசுங்கிய பிளக்கை மூன்றாவதாக வைத்தாள். நீள மரையும் அதுவும் இம்மி பிசகாமல் ஒரே நீளம்.

"இந்த வண்டியில இந்த நீளத்தப் போட்டா இப்படி ஆகும்" என்றாள் மருமகனிடம். மாஸ்டரை ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

மருமகன் அதைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது யாரு போட்டதுங்க?"

"உங்க மாமனாரக் கேளுங்க."

மாஸ்டர் கனைத்துக்கொண்டார். "அதான் சொல்லியிருக்கேனே மாப்பிள்ளை. முன்ன ஒரு பொம்பளை வேலைக்கு இருந்தா..." என்று ஆரம்பித்தார். அவளை எதிரில் வைத்துக்கொண்டே, அதே கதையை. பழக்கதோஷம் நாக்கை விட்டுப் போகுமா?

மருமகன் நசுங்கியதைக் கீழே வைத்தார். நீள மரையைத் தொட்டார். மெதுவாகத்தான் கேட்டார், ஆனால் கடையில் எல்லோருக்கும் கேட்டது.

"இன்னைக்கு நீங்க கேட்டதும் இதத்தானே மாமா?"

மாஸ்டர் குனிந்து முட்டியைத் தேய்த்தார். பதிலை நான் சொன்னேன். "ஆமா, நீள மரைன்னுதான் கேட்டாரு. நான் காதால கேட்டேன்." வரிசையில் நின்ற நான்கு பேரும் ஆமாம் என்றார்கள். நான்கு பேர் பார்க்க வேண்டும் என்று அக்கா வேண்டிக்கொண்டது வீண்போகவில்லை. மாஸ்டரின் காது இரண்டும் சிவந்துவிட்டன. ஒரு ஆளுக்கு அவமானம் காதில் ஏறும் என்று அன்றுதான் பார்த்தேன்.

"அப்ப அந்தக் கதையில வர்றது நீங்களாக்கா?" என்று மருமகன் கேட்டார். அக்கா தலையை மட்டும் ஆட்டினாள். அவர் கிரீஸ் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். பிறகு குட்டை மரையை வாங்கிக்கொண்டு, குனிந்து அவளிடம் என்னவோ சொல்லி, அவள் சொன்னதற்குத் தலையாட்டிவிட்டு வெளியே போனார். மாமனாருக்காக நிற்கவில்லை. மாஸ்டரும் முட்டியைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு நடந்தார்.

அக்கா நசுங்கிய பிளக்கைத் துடைத்தாள். காகிதத்தில் சுற்றினாள்.

"உங்க பழச விட்டுட்டுப் போறீங்க."

அவர் வாசலிலேயே நின்றார். கடையே அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. அந்த முட்டியோடு பன்னிரண்டு அடி திரும்பி நடந்து வந்து, கையை நீட்டி அதை வாங்கிக்கொண்டு போனார்.

மனசு ஆறியதா என்று கேட்டேன். "பிஸ்டன் உடைஞ்சிருந்தா இன்னும் நல்லா இருந்திருக்கும்" என்றாள். பிறகு காலியான டிராயரைத் தள்ளி மூடிவிட்டு, என் அலமாரியிலிருந்து எண்ணெய் டப்பா ஒன்றைக் கேட்டாள். முதல் ஞாயிற்றுக்கு இன்னும் நாள் இருக்கிறதே என்றேன்.

"வர்ற ஞாயிறு ஒர்க்‌ஷாப்புக்கு வந்து ஒரு எஞ்சின் பிரிச்சுத் தரச் சொல்லியிருக்காரு அந்த மருமகன்" என்றாள். "கிழவனுக்கு ஒரு நாற்காலியும் போட்டு வைக்கச் சொல்லிட்டேன். உக்காந்து பாக்கட்டும்."