மூன்று பிடி உப்பு

என் தம்பி பெண்டாட்டி எங்கள் வீட்டுக்கு வந்தபோது ஒரு பெட்டித் துணியோடு ஒரு பை சிவப்பு மிளகாய்த்தூளும் கொண்டுவந்தாள். அதைப் பார்த்ததுமே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பழவேற்காட்டு ஏரிக்கரையில் வாழ வருகிறவள் மிளகாய்த்தூள் கட்டிக்கொண்டு வருகிறாளாம். நாங்கள் என்ன, இத்தனை நாள் பச்சைத் தண்ணீரில் மீனை வேகவைத்தா தின்றோம்?

அவள் திருப்பாலைவனத்துக்காரி. நெல் விளைகிற வீடு. என் தம்பி ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கொரியன் கம்பெனியில் வேலை பார்க்கிறான். அந்தக் கம்பெனி கேன்டீனில், கொரியா ஆபீசர்களுக்கென்று தனியாகச் சமைக்கிற அடுப்படியில் இவள் வேலை பார்த்தாள். அங்கேயே பழகி, கல்யாணமும் செய்துகொண்டார்கள். மீன் பிடிக்கிற வீட்டுக்கா போகிறாய் என்று அவள் வீட்டில் தலைமுழுகிவிட்டார்கள். காண்ட்ராக்ட் முடிந்து அவளை நிறுத்தியதும் தம்பி அவளை எங்களிடம் கொண்டுவந்து விட்டான். அவன் நாலு ஆண்களோடு ஒரே அறையில் தங்கியிருந்தான். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வந்து போவான்.

என்னைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். நான் புருஷன் வீட்டிலிருந்து திருப்பி அனுப்பப்பட்டவள். பன்னிரண்டு வருஷம் ஆகிறது. அம்மா போனபிறகு அப்பாவுக்கு, எங்கள் நைனாவுக்கு, சமைத்துப் போடுவது நான்தான். வீடு இன்றைக்கு நைனாவுடையது, நாளைக்குத் தம்பியுடையது. என்னுடையது என்று அங்கே இருந்தது அடுப்பு ஒன்றுதான். அதுவும் போனால் அந்த வீட்டில் நான் யார் என்று எனக்கே சொல்லத் தெரியாது.

எங்கள் பக்கத்தில் கறிமீன் என்று ஒன்று உண்டு. ஏரியிலிருந்து படகு வந்ததும், ஏலத்துக்குக் கொட்டுவதற்கு முன்னால், வீட்டுக் குழம்புக்கென்று கொஞ்சம் மீனை ஒதுக்கிவிடுவார்கள். அடுப்பைப் பார்க்கிற பெண் பாத்திரத்தோடு கரைக்குப் போய் அதை வாங்கி வரவேண்டும். யார் பாத்திரத்தில் மீன் விழுகிறதோ அவள்தான் வீட்டுக்காரி. இதை யாரும் சட்டமாகப் போடவில்லை, ஆனால் கரையில் நிற்கிற அத்தனை பெண்களின் கண்ணும் அங்கேதான் இருக்கும். பன்னிரண்டு வருஷமாக நைனாவின் மீன் என் அன்னக்கூடையில்தான் விழுந்தது.

வந்த புதிதில் அவளை நான் அடுப்படிப் பக்கமே விடவில்லை. மீன் கழுவ மட்டும் உட்கார வைத்தேன். கெளுத்தி முள் குத்தி அவள் விரல் வீங்கியபோது மஞ்சள்கூட எடுத்துத் தரவில்லை.

"கத்திரிக்காய்ல முள்ளு கீதில்ல? அதுமாதிரினு நெனச்சுக்கோ" என்று சொல்லிச் சிரித்தேன். அவளும் கூடவே சிரித்தாள். அது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் நைனாவுக்குப் பிரஷர் ஏகத்துக்கும் இருக்கிறது என்று பொன்னேரி டாக்டர் சொன்னார். கருவாடு கூடாது, ஊறுகாய் கூடாது, எண்ணெய் மிதக்கிற குழம்பு கூடாது. நான் உப்பைக் குறைத்து வைத்த குழம்பை நைனா ஒரு வாய் வைத்துவிட்டுத் தட்டைத் தள்ளினார்.

"இதத் துன்னுட்டு உயிரோட கீறதுக்குப் பேசாம போய்ச் சேரலாம்" என்றார். அவர் மேல் தப்பில்லை. அது வாயில் வைக்க விளங்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் கேட்டாள். "அண்ணி, இன்னைக்கு ஒரு நாள் மாமாவுக்கு நான் பண்ணட்டுமா?" தம்பி பக்கத்திலேயே நின்றான். என்னால் முடியாது என்று சொல்ல முடியவில்லை.

மடவை மீனைக் கீறி, இஞ்சியும் பூண்டும் நசுக்கிச் செருகி, இட்லிப் பானையில் ஆவியில் வைத்தாள். வறுத்த எள்ளை அம்மியில் ஓட்டி அதன் மேல் தூவினாள். ஏரியில் கிடைக்கிற மட்டிச் சிப்பியையும் முள்ளங்கியையும் போட்டுத் தெளிவாக ஒரு சூப். சோற்றின் மேல் கேரட், கீரை, அவளே முளைகட்டின பயறு, எல்லாம் தனித்தனியாக வதக்கி வைத்து, நடுவில் ஒரு முட்டை. ஓரத்தில் அந்தச் சிவப்புத் தூளில் குழைத்த விழுது துளி. எண்ணெய் மொத்தம் ஒரு ஸ்பூன்தான் இருக்கும்.

நைனா தட்டை வழித்தார். "இன்னாம்மா இது, உப்பே போடாம இவ்ளோ ருசி?" என்றார்.

"மட்டிலயே உப்பு இருக்குது மாமா. அது போதும்."

எல்லோரும் எழுந்தபிறகு அடுப்படியில் நின்றபடியே பானையில் மீந்த சூப்பைக் குடித்தேன். நன்றாக இருந்தது. சொல்ல வாய் வரவில்லை, அவ்வளவு நன்றாக இருந்தது. நான் பிறந்ததிலிருந்து தின்கிற மட்டிதான், ஆனால் புளியும் மிளகாயும் போட்டு அதன் ருசியை நாங்கள் கொன்றுகொண்டிருந்தோம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. எனக்கு ஆத்திரத்தில் அழுகை வந்தது.

பிறகு அவள் கிம்ச்சி என்று கொரியாக்காரர்கள் தின்கிற ஊறுகாய் போட்டாள். முட்டைகோஸை உப்புத் தண்ணீரில் ஊறவைத்து, நைனாவுக்காக மூன்று தண்ணீர் விட்டு அலசி, அரிசிக் கஞ்சியில் மிளகாய்த்தூள், பூண்டு, இஞ்சி, ஊறவைத்து அரைத்த சென்னாக்குன்னிப் பொடி இறால் எல்லாம் கலந்து பிசிறி, ஊறுகாய் ஜாடியில் அடைத்து வைத்தாள். நாலு நாளில் புளித்து நுரை கட்டியது. "அழுகின கோசு" என்று நான் எல்லோர் எதிரிலும் மூக்கைப் பிடித்துக்கொண்டேன். யாரும் இல்லாதபோது பழைய சோற்றுக்குத் தொட்டுக்கொண்டேன். பழைய சோற்றுக்கு அதைப்போல ஒன்று இந்தக் கரையில் கிடையாது.

மூன்று மாதத்தில் நைனாவின் பிரஷர் இறங்கிவிட்டது. டாக்டர் சந்தோஷப்பட்டு, "வீட்ல யாரு சமைக்கிறாங்க?" என்று கேட்டார்.

"எம் மருமவ" என்றார் நைனா. நான் அவர் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனதே நான்தான்.

அடுத்த வாரம் கரையில் அது நடந்தது. வேடிக்கை பார்க்க வருகிறேன் என்று அவளும் என்னோடு வந்திருந்தாள். நைனா மடவையைக் கூடையோடு தூக்கினார். நான் அன்னக்கூடையை நீட்டினேன். அவர் என்னைத் தாண்டிக் கையை நீட்டி, "இந்தாம்மா, ஆவில வெச்சுடு" என்று அவள் கையில் கொடுத்தார். அவர் யோசித்துச் செய்யவில்லை. யோசித்துச் செய்திருந்தால்கூட எனக்கு இவ்வளவு வலித்திருக்காது.

"இன்னாம்மே, உனக்கு லீவு உட்டாங்களா?" என்று கரையில் ஒருத்தி கேட்டாள். மற்றவர்கள் சிரித்தார்கள். நான் காலிப் பாத்திரத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன்.

அந்த மாதமே அவள் முழுகாமல் இருந்தாள். வாந்தியென்றால் அப்படி ஒரு வாந்தி. பூண்டு வாசனை வந்தாலே ஓடுவாள். தன் சமையலைத் தானே ருசி பார்க்க முடியாமல், கண் அளவில் போட்டு நைனாவுக்கு வைத்தாள். அப்போதும் அடுப்பை என்னிடம் விடவில்லை. நைனாவும் என்னைக் கேட்கவில்லை.

ஒரு திங்கட்கிழமை மத்தியானம் அவள் உள்ளே சுருண்டு படுத்திருந்தாள். நாலு நாள் முன்னால் போட்டு இன்னும் திறக்காத புது ஜாடி அடுப்படி மூலையில் இருந்தது. மூடியைத் திறந்தேன். வாடை மூக்கில் ஏறியது. கருவாடு போட்டு வளர்ந்த கை இது. எதிலாவது வாடை அடித்தால் எங்கள் கை தானாக உப்புக்குப் போகும், மீன் கெடாமல் இருக்க எங்களுக்குத் தெரிந்த ஒரே வழி அதுதான். ஒரு பிடி கல்லுப்பு அள்ளி ஜாடியில் போட்டேன். அது பழக்கம். அதற்கப்புறம் இன்னும் இரண்டு பிடி போட்டேன். அது பழக்கம் இல்லை. தெரிந்துதான் போட்டேன். அடிவரைக்கும் கையை விட்டுக் கிளறி மூடினேன்.

நைனா சாகவேண்டும் என்று நான் நினைக்கவில்லை. ஒரு வாய் வைப்பார், தூவென்று துப்புவார், அவளை நாலு வார்த்தை திட்டுவார், அடுப்பு என் கைக்கு வரும். அவ்வளவுதான் என் கணக்கு.

அன்று மாலை நைனா அதைத் தின்றார். முதல் வாயில் கொஞ்சம் நிறுத்தினார். நான் கதவோரம் நின்று பார்த்தேன். பிறகு மென்று விழுங்கிவிட்டு இன்னும் கொஞ்சம் போட்டுக்கொண்டார். மறுநாளும் தின்றார். காலையிலும் கேட்டு வாங்கித் தின்றார். சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்தார். எனக்குப் பயம் வந்தது. ஜாடியைத் தூக்கிக் கொட்டியிருக்கலாம். கொட்டினால் ஏன் என்று கேட்பார்களே என்று இருந்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை படகிலிருந்து இறங்கும்போது நைனா முழங்கால் தண்ணீரில் விழுந்தார். தூக்கினபோது வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. பொன்னேரிக்கு ஆட்டோவில் கொண்டுபோனோம். "நல்லா இருந்த பிரஷர் எப்படி இப்படி ஏறுச்சு? உப்பு ஜாஸ்தியா சாப்பிட்டாரா?" என்று டாக்டர் கேட்டார். உயிர் தப்பியது. வலது கைக்கு அசைவு திரும்பவில்லை.

தம்பி வந்து வீட்டில் ஒவ்வொரு பாத்திரமாகத் திறந்து பார்த்தான். ஜாடியின் அடியில் கொஞ்சம்தான் மிச்சம் இருந்தது. வாயில் வைத்தவன் துப்பினான்.

"இன்னாடி இது! உப்பளமா?"

அவள் ஓடிவந்து ஒரு துண்டை வாயில் போட்டுப் பார்த்தாள். முகம் வெளுத்துவிட்டது. "நான் இவ்ளோ போடலங்க. சத்தியமா போடல."

"அப்போ யாரு போட்டது? காக்கா வந்து போட்டுச்சா?" என்றேன். அவள் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வை எங்கே போகும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. சட்டென்று குரலை மாற்றிக்கொண்டேன். "உடு தம்பி, அவளத் திட்டாத. மசக்கைல நாக்கு செத்துப்போச்சு பாவம். ருசி தெர்யாம அள்ளிப் போட்டுட்டா. வேணும்னா செஞ்சா?"

என் வாழ்க்கையில் நான் செய்த பெரிய கொடுமை உப்புப் போட்டது இல்லை, இதுதான். அவள் அதை நம்பிவிட்டாள். ஆஸ்பத்திரியில் நைனாவின் காலைப் பிடித்துக்கொண்டு, "தெரியாம போட்டுட்டேன் மாமா" என்று அழுதாள். நைனா அவளைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். அப்போது அவருக்குப் பேச்சு வரவில்லை என்று நினைத்து நான் நிம்மதியாக இருந்தேன்.

அந்த மாதமே தம்பி ஸ்ரீபெரும்புதூரில் ஓர் ஒற்றை அறை பிடித்து அவளை அழைத்துக்கொண்டு போய்விட்டான். அடுப்பு எனக்குத் திரும்பி வந்தது. நைனா ஏரிக்குப் போவது நின்றுவிட்டதால் கறிமீன்தான் வரவில்லை. விலைக்கு வாங்கிய மடவையை அவள் செய்ததுபோலவே ஆவியில் வைத்து, எள் தூவி, நைனாவுக்கு ஊட்டினேன். பார்த்துப் பார்த்து எல்லாவற்றையும் கற்றுக்கொண்டிருந்தேன்.

சில மாதம் கழித்து, காலையில் ஊட்டிக்கொண்டிருந்தபோது நைனா கேட்டார். பேச்சு குழறும், ஆனால் புரியும்.

"அந்தக் கோசுல உப்பு போட்டது நீதான?"

ஊட்டப்போன கவளத்தைத் தட்டிலேயே வைத்தேன்.

"மொத வாய்லயே தெரியும். பன்னெண்டு வருசமா துன்ற உங் கை உப்பு, தெரியாதா?"

"தெரிஞ்சும் ஏன் நைனா துன்ன?"

"துப்புனா அவ வந்து ருசி பாப்பா. பாத்தா நீதான்னு தெரிஞ்சிடும். தம்பி உன்ன உள்ள உடுவானா? அவளுக்குப் புருசன் கீறான். உனக்கு எவன் கீறான்?" மூச்சு வாங்கினார். "துன்னே தீத்துடலாம்னு பாத்தேன். இன்னும் ரெண்டு வேள இருந்தா காலி பண்ணியிருப்பேன்."

நான் தட்டைக் கீழே வைத்துவிட்டு அவர் காலடியில் உட்கார்ந்து அழுதேன். அவர் தடுக்கவும் இல்லை, தேற்றவும் இல்லை.

அவளுக்குப் பெண் குழந்தை பிறந்து நான்கு மாதம் ஆகிறது. அவள் இப்போது கிம்ச்சி போடுவதே இல்லையாம். எதைச் சமைத்தாலும் தன் நாக்கை நம்பாமல் முதலில் தம்பியிடம் கொடுத்து உப்பு சரியா என்று கேட்கிறாளாம். இதைத் தம்பிதான் சிரித்துக்கொண்டே என்னிடம் சொன்னான். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அவள் எனக்குப் போன் செய்கிறாள். ஒவ்வொரு தடவையும் இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று போனை எடுக்கிறேன். நைனாவைப் பற்றி விசாரித்துவிட்டு, வைப்பதற்கு முன்னால் அவள் ஒன்றே ஒன்றுதான் சொல்வாள்.

"அண்ணி, மாமாவுக்கு உப்பு பாத்துப் போடுங்க. என்ன மாதிரி பண்ணிடாதீங்க."

"சரிம்மா" என்கிறேன்.